மச்சானின் குரலுக்குக் கீழே

ரஜப் மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் மச்சான் அதைச் சொன்னான். வாடைமழை ஓயாத நாள். எல்லாருடைய செருப்புகளும் ஒரே சேற்று நிறத்தில் கிடந்தன.

“எஞ்சினக் கழட்டப் போறாங்களாம்,” என்றான்.

மச்சான் என் மனைவியின் மூத்த சகோதரன். சாய்ந்தமருதுக் கரையில் சொந்தமாக ஒரு மீன்பிடிப் போட்டு வைத்துக் கடலுக்குப் போகிறவன். ஆகவே போட்டு எஞ்சினைப் பற்றித்தான் பேசுகிறான் என்று நினைத்தேன்.

“போன மாசம்தானே திருத்தினாய்?”

“அது இல்ல, இது.” தொண்டையைத் தொட்டுக் காட்டினான். “மருந்து குடுத்துப் பாத்தாங்க, கரண்ட் புடிச்சிப் பாத்தாங்க, சரிவரல்ல. முழுசாக் கழட்டினாத்தான் போட்டு தப்புமாம்.”

தொண்டைப் புற்றுநோய்க்குக் கொடுத்த கதிர்ச் சிகிச்சையைத்தான் அவன் கரண்ட் என்றான். இனிக் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டு, கழுத்தின் அடியில் மூச்சு விடுவதற்கு ஒரு துவாரம் வைப்பார்கள். உயிர் இருக்கும், குரல் இருக்காது. ஷஃபான் மாதக் கடைசியில், நோன்பு தொடங்குவதற்கு முன், கொழும்பில் திகதி கொடுத்திருந்தார்கள். இவ்வளவையும் அவன் படியில் நின்றபடியே சொல்லி முடித்தான். செருப்பு கிடைத்துவிட்டது. வலது கால் செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்த பிறகுதான் அவனுக்கே அது தெரிந்தது.

“மூணு பாட்டு மச்சான்,” என்றான். “எண்ட மூணும். அதுக்குள்ள எடுத்திரணும்.”

அந்த மூன்றும் அவனே கட்டிய பாட்டுகள். முதலாவது கடலைப் பற்றியது; அவன் முதன்முதலாகத் தகப்பனில்லாமல் கடலுக்குப் போன வருடம் கட்டினான். இரண்டாவது ஒரு துஆப் பாட்டு, இறைவனிடம் கேட்பது; கடல் ஊருக்குள் வந்த வருடத்துக்கு மறுவருடம், கூடாரத்தில் இருந்தபோது கட்டியது. மூன்றாவது, அவனுடைய மகள் தொட்டிலில் கிடந்தபோது கட்டிய ராராட்டு. எந்தப் பாட்டு எந்த வருடத்தில் பிறந்தது என்பது அவனுக்கே நினைவில்லை. எனக்கு இருக்கிறது. நான் பாடசாலையில் சரித்திரம் படிப்பிக்கிறவன். ஊரில் எந்தக் கட்டடம் எந்த வருடம் எழும்பியது, எந்த வெள்ளத்தில் எந்தத் தாம்போதிப் பாலம் உடைந்தது என்று யாராவது கேட்டால் என்னிடம்தான் அனுப்புவார்கள். அப்படிப்பட்டவன், இந்த மூன்று பாட்டும் எங்கும் பதிவாகாமல் கிடப்பதை இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுப்போம் எடுப்போம் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவன், “குரல் எங்க போகப்போகுது?” என்பான்.

நாங்கள் மூன்று பேர். மச்சான் பாடுவான். நான் பேஸ் கிற்றார் வாசிப்பேன். கல்முனையில் எங்களுக்கு ஒரு தமிழ் நண்பர்; கீபோர்ட் வாசிப்பார், வீட்டின் பின்னால் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறையும் வைத்திருந்தார். அவருடைய ஆட்களும் கடல்தொழில்காரர்கள்தான். கலியாண வீடுகள், பாடசாலை விழாக்கள், பெருநாள் நிகழ்ச்சிகள் என்று முன்பு நிறையப் போயிருக்கிறோம். மார்க்கப்படி இசை கூடுமா கூடாதா என்று ஊரில் பேச்சு எழும் வருடங்களில் போகாமல் இருந்துவிடுவோம். என் மாமி, அதாவது மச்சானின் உம்மா, கிற்றாரை ‘அந்தக் கட்டை’ என்றுதான் சொல்லுவா. நான் குடியிருப்பது எங்கள் ஊர் வழக்கப்படி மனைவியின் வீட்டில்; ஆகவே கட்டை அலுமாரிக்குப் பின்னால்தான் இருக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கல்முனை அறையில் கூடினோம். கடல் பாட்டை ஆரம்பித்தோம். அது மேற்கத்திய இசையில் ஈ என்று சொல்லும் சுருதியில் அமைந்த பாட்டு. முதல் அடியிலேயே மச்சானின் குரல் நின்றுவிட்டது. சத்தம் இருந்தது, சுரம் இல்லை. நண்பர் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தி அரைச் சுரம் இறக்கினார். இன்னும் ஓர் அரை. பிறகு இன்னும் ஓர் அரை. நாலாவது தடவை அழுத்தியபோது, சீ சுருதியில், மச்சானின் குரல் எங்கேயோ கால் ஊன்றியது. கரகரத்த, ஈரமான, யாரோ ஒருவருடைய குரல். ஆனால் சுரம் பிசகவில்லை.

“இஞ்ச நிப்பாட்டுங்க,” என்றான். “இதுக்குக் கீழ போனா மண்தட்டும்.”

“எனக்குப் பொத்தான் இருக்கு,” என்றார் நண்பர். “சேருக்குத்தான் இல்ல.” படிப்பிக்கிறவன் என்பதால் அவருக்கு நான் எப்போதும் சேர்.

அதுதான் பிரச்சினை. பேஸ் கிற்றாரின் ஆகக் கீழான தந்தி ஈ. சீ அதற்கும் கீழே இருக்கிறது. சீ வேண்டுமென்றால் அடுத்த தந்தியில் மேல்ஸ்தாயி சீயைத்தான் வாசிக்க வேண்டும். அப்படித்தான் முதலில் வாசித்தேன். நண்பர் பதிந்ததைத் திரும்பப் போட்டுக் காட்டினார். மூவரும் கேட்டோம். மச்சானின் குரல் இறங்கி இறங்கி என் இடத்துக்கு வந்துவிட்டிருந்தது. அவன் முனகிய இடத்திலேயே என் தந்தியும் முனகியது. பாட்டில் பேஸ் இருந்தது, அவன் இல்லை.

பேஸை விட்டுவிடுவோம் என்றேன். நண்பர் அதையும் செய்து பார்த்தார். குரல் அந்தரத்தில் தொங்கியது. அதிலிருந்த காயமெல்லாம் வெளியே தெரிந்தது. மச்சான் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

“மையத்தக் கபன் துணியில்லாமக் கிடத்தின மாதிரி இரிக்கி. கீழ என்னவாச்சும் வேணும்.”

நான் இன்னும் கீழே போக வேண்டும். அவனுக்கு இடம் விட வேண்டும். அவ்வளவுதான், அதற்கு ஒரு மாதமும் சில நாட்களும் இருந்தன.

முதலில் இருந்த தந்திகளையே தளர்த்தினேன். இரண்டு முழுச் சுரம் தளர்த்தினால் ஈ சீ ஆகிவிடும் என்பது கணக்கு. கணக்கு சரி, தந்தி சரியில்லை. உடுப்புக் காயப்போடும் கொடி மாதிரித் தொங்கியது. தட்டிய கணத்தில் சுரம் மேலே ஏறும், உடனே வழுக்கி விழும். கழுத்திலுள்ள இரும்புக் கட்டைகளில் பட்டுச் சலசலத்தது. கிற்றாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கோல் ஓடுகிறது. தந்திகள் கழுத்தை முன்னால் இழுக்க, அந்தக் கோல் பின்னால் இழுத்துச் சமன்செய்யும். தந்திகளைத் தளர்த்தியதும் கோல் வென்றுவிட்டது. கழுத்து பின்னால் வளைந்தது. கோலைக் கால் திருப்பு தளர்த்தினேன். தந்தியைத் தாங்கும் அடிக்கட்டைகளை உயர்த்தினேன். சலசலப்பு குறைந்தது, தொய்வு போகவில்லை.

வாசிக்கக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். கீழே இறங்க வேண்டுமானால் தடித்த தந்தி வேண்டும். தடித்த தந்தி தாழ்ந்த சுரத்திலும் விறைப்பாக நிற்கும். நாலு தந்திக் கிற்றாருக்கென்று அவ்வளவு தடித்த தந்திக் கட்டு இந்த நாட்டில் கிடைப்பதில்லை. ஆனால் ஐந்து தந்திக் கிற்றாருக்கான கட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஈக்கும் கீழே ஒரு பீ தந்தி உண்டு. அந்தக் கட்டில் ஆக மெல்லிய தந்தியை ஒதுக்கிவிட்டு, மற்ற நாலையும் என் கிற்றாரில் போட்டு, எல்லாவற்றையும் அரைச் சுரம் ஏற்றினால், பீ சீ ஆகிவிடும். மற்ற மூன்றும் தங்கள் இடத்தில் வந்து நிற்கும். இதைக் கண்டுபிடித்த அன்று நான் இரண்டு பாடங்களை உற்சாகமாகப் படிப்பித்தேன் என்று பிள்ளைகள் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கல்முனைக் கடையில் சாதாரணக் கிற்றார்த் தந்தி இருந்தது. அக்கரைப்பற்றில் அதுவும் இல்லை. மட்டக்களப்பில் ஒருவர், “அஞ்சு தந்தியா? நாலையே ஒருத்தரும் வாங்கிறாங்க இல்ல,” என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு தேத்தண்ணீர் சொன்னார். கொழும்புக் கடையொன்றில் ஒரேயொரு கட்டு இருப்பதாக நண்பர் அறிந்து சொன்னார். அடுத்தது எப்போது வரும் என்று கடைக்காரருக்குத் தெரியாது. பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னோம். பஸ்ஸில் வந்தது. கல்முனை நிலையத்தில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு போய் வாங்கிப் பிரித்துப் பார்த்தால் நாலு தந்திக் கட்டு. நான் பிழையாகச் சொல்லிவிட்டதாக நினைத்து, கடைப் பையன் திருத்தி அனுப்பியிருந்தான். திருப்பி அனுப்பினோம். இதற்கிடையில் ஷஃபான் நடுவில் வரும் பராஅத் இரவு வந்தது, போனது. மச்சான் கதைப்பது குறைந்தது. குரலைச் சேமிக்கிறானாம். கரையில் கைச்சைகையாலேயே ஆட்களை ஏவிக்கொண்டிருந்தான்.

அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் என் மனைவி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டா: “காக்காட குரல் முந்தி இரிந்த மாதிரி ஒண்டும் இல்லையா, எங்கயும்?”

எங்கள் கைப்பேசிகளில் தேடினோம். கலியாண வீட்டுக் காட்சிகள் இருந்தன. எல்லாவற்றிலும் மச்சான் வேறு யாருடையவோ பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். ஒன்றில் பிரியாணிச் சட்டி நகர்த்தும் சத்தம் அவனை மூடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மச்சானும் அவன் மனைவியும் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டும். சரியான கட்டு அதற்கு முதல் வெள்ளிக்கிழமை காலை வந்துசேர்ந்தது. ஒலிப்பதிவு சனிக்கிழமை, லுஹர், அஸர் தொழுகைகளுக்கு இடையில் என்று முடிவாகியது. பாங்கு சத்தத்துக்கு நடுவில் பதிய முடியாது. எங்கள் பக்கத்தில் நண்பகலுக்குப் பிறகு ஆக நீண்ட அமைதி அதுதான்.

வெள்ளி பின்னேரம் வேலையைத் தொடங்கினேன். புதுத் தந்தி தடிப்பு. கழுத்தின் உச்சியில் தந்தி இருக்கும் வெண்கட்டையின் வெட்டில் அது இறங்கவில்லை. பழைய தந்தித் துண்டொன்றில் அரத்தாளைச் சுற்றி, அந்த வெட்டை முன்னும் பின்னும் உரசி அகலமாக்கினேன். கொஞ்சம் கூடினாலும் தந்தி உள்ளே ஆடும். கொஞ்சம் குறைந்தாலும் பிடித்துக்கொண்டு சுரம் மாறாது. உரசுவது, வைத்துப் பார்ப்பது, எடுப்பது, உரசுவது.

சனி காலை மச்சான் வந்துவிட்டான். சாப்பிட்டிருக்கவில்லை. முன்னறையில் பாயில் உட்கார்ந்து, உறையிலிருந்து வெளியே எடுத்த தடித்த தந்தியைக் கையில் வைத்து எடை பார்த்தான்.

“இது சுறா புடிக்கிற கம்பி,” என்றான் மெதுவாக.

“கதைக்காத. பின்னேரத்துக்கு வெச்சுக்க.”

“எண்ணெய் பூசல்லயா? உப்புக்காத்துக்குத் துரு புடிக்கும்.”

எங்கள் கரையில் இரும்பென்று எதுவிருந்தாலும் எண்ணெய் பூசுவோம். “பூசினா சத்தம் செத்திரும்,” என்றேன். தந்தியென்பது உள்ளே ஒரு நேர்க்கம்பி, அதைச் சுற்றி இறுக்கிய இன்னொரு கம்பி. அந்தச் சுற்றுக்குள் எண்ணெய் போனால் அதிர்வு அடைத்துவிடும் என்று விளக்கினேன். தலையாட்டினான். ஆனால் சுற்றைப் பற்றிச் சொன்ன நான், அதற்கு அடுத்ததைச் சொல்லவில்லை. அது கேள்வியாகவே எனக்குத் தோன்றவில்லை.

தடித்த தந்தியை அடிப்பக்கத்தில் கோர்த்து, கழுத்து நெடுகப் படுக்க வைத்தேன். கழுத்துக் கோலை இறுக்க அலன் கீ என்ற அறுகோணச் சாவி தேவைப்பட்டது. நான் வைத்திருந்ததன் முனை மழுங்கிப்போயிருந்தது. நாலு வீடு தள்ளி மோட்டார்சைக்கிள் திருத்துபவரிடம் கேட்டு வாங்கப் போனேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். காத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது மச்சான் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு வேலைக்காரனின் திருப்தி இருந்தது. ஒரு கையில் கம்பி வெட்டும் குறடு, மறு கையில் லைட்டர்.

“அளந்து வெட்டிட்டன். நுனியயும் சுட்டுட்டன். நீ கட்டினாச் சரி.”

கடலுக்குப் போகிறவர்களின் முறை அது. முடிச்சுப் போட்ட பிறகு யாரும் வெட்டுவதில்லை. ஆடுகிற போட்டில், ஈரக் கையோடு, முடிச்சுக்குப் பக்கத்தில் கத்தி கொண்டுபோனால் முடிச்சும் போகும் விரலும் போகும். ஆகவே முதலில் அளந்து வெட்டுவார்கள், நுனி பிரியாமல் நெருப்பில் சுட்டு உருக்குவார்கள், பிறகுதான் முடிச்சு. நைலோன் கயிறு அப்படி உருகி ஒட்டிக்கொள்ளும். அவன் கை சிறு வயதிலிருந்தே அப்படித்தான் பழகியது.

கிற்றார்த் தந்தியில் அது நேர்மாறு. முதலில் வளைக்க வேண்டும், வளைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். அந்த வளைவுதான் வெளிச்சுற்றை உள்கம்பியோடு பூட்டி வைக்கும். வளைக்காமல் வெட்டினால், இறுக்கிச் சுற்றியிருந்தது முழுக்கப் பிடி விட்டு, நுனியிலிருந்து அடிவரை ஓடித் தளர்ந்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நுனியில் கொஞ்சம் நீலம் பாரித்த கருக்கல் மட்டும்.

அலன் கீயை வைத்துவிட்டு, தந்தியை முறுக்காணியில் சுற்றி இறுக்கினேன். சீ வந்தது. தட்டினேன்.

ஈர மணலில் யாரோ காலை வைத்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். சுரம் ஒரு கணம் காட்டிவிட்டு அணைந்தது.

மச்சான் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டுக்காரன் அல்லவா, அவனுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

“வெட்டினது பிழையா?”

“சுத்து கழண்டிட்டு.”

“திருப்பி இறுக்க ஏலாதா?”

“பாப்பம்.”

அவன் லைட்டரைச் சட்டைப்பையில் போட்டான். “எண்ட தொண்டையும் இதும் ஒரு கடைலதான் வாங்கின போல,” என்றான். நான் சிரிக்கவில்லை. மாமி உள்ளேயிருந்து, “கட்டைக்கு என்னவாம்?” என்று கேட்டா.

நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கொழும்புக் கடையைக் கேட்டுவிட்டுத் திரும்ப எடுத்தார். அடுத்த கட்டு நோன்புக்குள் வரக்கூடும் என்றார். “சேர், மத்தத் தந்திய இறக்கிப் பாப்பமா?” என்றும் கேட்டார். இறக்கிப் பார்த்தேன். ஈ தந்தியைச் சீயாக்கினால் பழைய கொடிக் கயிறுதான்.

பிறகு செத்த தந்தியைக் கழற்றி, சுற்று ஓடிய திசைக்கு எதிராக, அடியிலிருந்து அங்குலம் அங்குலமாகக் கையால் முறுக்கி வந்தோம். நான் முறுக்க, அவன் பிடித்தான். நுனிக்கு வந்ததும், வலைநூலை எடுத்து அவனே கட்டுப் போட்டான். கயிற்று நுனி பிரியாமலிருக்கக் கடல்காரர்கள் போடும் கட்டு: நூலை நெருக்கி நெருக்கிச் சுற்றி, கடைசி நுனியை உள்ளே இழுத்து ஒளித்துவிடுவார்கள். பல்லால் இழுத்து இறுக்கினான். அப்போதுதான் கவனித்தேன், அப்படி இழுக்கும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது.

மறுபடி போட்டேன். கழுத்துக் கோலைக் கால் திருப்பு இறுக்கினேன். அடிக்கட்டையைப் பின்னால் தள்ளி, தடித்த தந்திக்கு நீளம் கொடுத்தேன். தட்டினேன். முன்னிலும் கொஞ்சம் பரவாயில்லை. சத்தம் இரண்டு மூச்சு நேரம் நின்றது, பிறகு விழுந்தது.

“கொஞ்சம் உசிர் இரிக்கி,” என்றான்.

“கொஞ்சம்.”

“எனக்கும் கொஞ்சம்தான். வா போவம்.”

கல்முனை அறையில் மின்விசிறியை நிறுத்தினால்தான் பதியலாம். மூவரும் பெனியனோடு உட்கார்ந்தோம். தந்தியைப் பலமாகத் தட்டினால் அது அலறிவிட்டுச் சாகும் என்று வழியிலேயே எனக்குப் புரிந்திருந்தது. ஆகவே கையை அடிக்கட்டைப் பக்கம் கொண்டுபோய், விரலின் சதையால் மட்டும், தொடுவது போல் வாசித்தேன். ஒவ்வொரு சீயும் வந்தது, இருந்தது, போய்விட்டது. போன இடத்தில் மச்சானின் குரல் தெரிந்தது. கடல் பாட்டு ஒரே ஓட்டத்தில் முடிந்தது. துஆப் பாட்டில் அவன் ஓரிடத்தில் இருமினான். அதை அப்படியே விடச் சொன்னான்.

“துஆ கேக்கக்குள்ள இருமலாம்,” என்றான். “அல்லாஹ்வுக்கு விளங்கும்.”

மூன்றாவது ராராட்டு.

*கடல் ஓய்ஞ்சாக் கண்ணுறங்கு,*
*வாப்பா வருவன் விடியலில,*
*வலையில நிலவக் கொண்டருவன்.*

முதல் அடிகளைப் பாடினான். மகளுக்குத் தொட்டிலாட்டியபோது பாடிய மெட்டு மேலே மேலே போகிற மெட்டு. இப்போது அது தரையோடு தரையாகப் போனது. ‘நிலவ’ என்ற இடத்தில் குரல் ஆகக் கீழான சுரத்தைத் தொட வேண்டும். அதற்குக் கீழே என் செத்த தந்தி இருக்க வேண்டும். அது நீண்டு நிற்காது என்பதால் இரண்டிரண்டாகத் தட்டினேன். அவன் அந்தச் சுரத்தைத் தொட்டான்.

இரண்டாம் அடிகள் தொடங்க வேண்டிய இடத்தில் அவன் வாயைத் திறந்தான். காற்று வந்தது. மறுபடி திறந்தான். காற்றுத்தான்.

நான் வாசிப்பை நிறுத்தப் போனேன். அவன் கண்ணைத் திறக்காமலே வலது கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க முன்னால் தள்ளினான். கடலில், எஞ்சின் ஓட்டுகிறவனுக்குப் போட்டின் முன்னணியத்தில் நிற்பவன் காட்டும் சைகை: விடாமல் ஓட்டு. ஓட்டினேன். நண்பரும் தொடர்ந்தார். மச்சானின் உதடுகள் ஒவ்வொரு சொல்லையும் சொல்லிக்கொண்டு போயின. ஒரு சொல்லையும் விடவில்லை. பாட்டு முடிகிற இடத்தில் கையை இறக்கினான்.

முதல் பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். அடுத்ததில் தொடங்கியது. நண்பர் பதிவை நிறுத்தினார். தொழுதுவிட்டு வந்து மறுபடி முயன்றோம். மச்சானுக்கு ஆம், இல்லை என்பதும் வரவில்லை.

ஞாயிறு பின்னேரம் பஸ் ஏற்றிவிட்டோம். அவன் மனைவி யன்னலோரம் இருந்தா. அவன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சொல்லாமல், கையை மட்டும் நெஞ்சில் வைத்தான்.

அறுவை நல்லபடி முடிந்தது. நோன்பு முழுவதும் அவன் ஆஸ்பத்திரியிலும் உறவினர் வீட்டிலுமாக இருந்தான். நோன்பின் நடுவில் புதிய கட்டு பஸ்ஸில் வந்தது. முதலில் வளைத்தேன், பிறகு வெட்டினேன், பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். சீ மணி மாதிரி நின்றது. வீட்டுச் சுவர் வரைக்கும் போனது. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் உறையில் போட்டு மூடிவிட்டேன்.

பெருநாள் முடிந்து இரண்டாம் கிழமை அவன் வந்தான். மெலிந்திருந்தான். கழுத்தின் துவாரத்தை ஒரு வெள்ளைத் துணி மறைத்திருந்தது. மூச்சு விடும்போது அது உள்ளே போய் வெளியே வந்தது. நண்பரும் வந்திருந்தார். மூன்றாவது பாட்டைப் போட்டுக் கேட்டோம். முதல் அடிகளில் அவன் இருந்தான். பிறகு பேஸும் கீபோர்டும் மட்டும். நன்றாகக் கவனித்தால், சொல் சொல்லாக விட்ட காற்றும் கேட்கும்.

“சேர் இப்ப நல்ல தந்தி போட்டிருக்கார்,” என்றார் நண்பர், அவனைப் பார்த்து. “பேஸ மட்டும் திருப்பி எடுப்பம். பாட்டு கொஞ்சம் நிமிரும்.”

நான் கிற்றாரை எடுத்துச் சீயைத் தட்டினேன். மணிச் சத்தம் நீண்டு நின்றது. மச்சான் எழுந்து வந்து உள்ளங்கையைத் தந்தியின் மேல் வைத்து அமர்த்தினான். தலையை ஆட்டினான். இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரித் திறந்து மூடி, என் முகத்தைப் பார்த்தான். பிறகு மற்றக் கையால் லைட்டர் பற்றவைப்பது போலக் காட்டினான்.

நண்பருக்கு விளங்கவில்லை. “என்ன கேக்கிறார்?”

“அவர் வெட்டினதத்தான் கேக்கிறார்,” என்றேன்.

அதை நான் எறியவில்லை. அலுமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தேன். எடுத்து வந்தேன். வலைநூல் கட்டு அப்படியே இருந்தது. அதைத் தடவிப் பார்த்தான். பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் கிள்ளியும் பார்த்தான். பிரியவில்லை. புதுத் தந்தியைக் கழற்றி, செத்ததைக் கோர்த்து, கட்டு நெகிழாமல் மெல்ல மெல்ல ஏற்றினேன். ஏற்றி முடிக்கும்வரை அவன் அந்த நுனியைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்திருந்தான்.

மாமி கதவடியில் வந்து நின்றா.

ராராட்டைத் தொடங்கினேன். ஈர மணலில் கால் வைக்கும் அந்தச் சத்தம். முதல் அடிகள் முடிந்து இரண்டாம் அடிகள் வரும் இடத்தில் அவன் கையை நீட்டி, உள்ளங்கையை முன்னால் தள்ளினான். கழுத்துத் துணி சொல்லுக்குச் சொல் அசைந்தது. நான் நிறுத்தாமல் வாசித்தேன்.